கருமருந்து அளவுக்குப்பி தொல்லை கொடுத்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

அமெரிக்காவில் குழல் வாய்வழியாகக் கருமருந்து என்னும் பழைய வெடிமருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளை இன்றும் விளையாட்டாகப் பழகுகிறார்கள். 1933இல் தொடங்கிய தேசிய மஸில்லோடிங் ரைஃபிள் சங்கத்துக்கு, இண்டியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் சொந்த மைதானமே உண்டு. அந்தக் கூட்டத்தில் பலரின் தோள்பையில் தொங்கும் மருந்து அளவுக்குப்பி அவரவர் கையால் செய்ததாகத்தான் இருக்கும். மான்கொம்பு நுனி, பித்தளைக் குழாய், காலியான தோட்டா உறை, மூங்கில் கணு என்று எதிலும் செய்யலாம். ஒரு பிற்பகல் வேலை. ஆனால் செய்து முடித்த பிறகுதான் கேள்விகள் வரும்.

(நம் ஊரில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் நாட்டுத் துப்பாக்கிக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் மான்கொம்பு வைத்திருப்பதே வம்பு. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சூழலுக்கு.)

எதற்கு இந்தக் குப்பி? மருந்தைச் சேர்த்து வைத்திருக்கும் மருந்துக் கொம்பை நேராகக் குழல் வாயில் கவிழ்க்கவே கூடாது என்பதற்காக. முந்தின வெடியின் கங்கு ஒன்று உள்ளே கிடந்தால், குப்பியில் இருக்கும் ஒரு வெடிக்கான மருந்து மட்டும் பற்றும். கொம்பு கையில் இருந்தால் கொம்பு முழுவதும் பற்றும். அளப்பது அதற்கு அடுத்த வேலைதான்.

அளப்பதிலும் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். குப்பியில் 60 கிரெயின் (மருந்தை அளக்கும் சிறு எடை அலகு) என்று செதுக்கியிருக்க, உள்ளே 57தான் இருக்கிறது என்றால் குடி முழுகிப்போகாது. இன்று 57, நாளை 63 என்று வந்தால்தான் குப்பி உதவாது. கீழே வரும் எல்லாத் தொல்லைகளிலும் நான் துரத்துவது அந்த மாறாத அளவைத்தான். எண் எதுவாக இருந்தாலும் துப்பாக்கி செய்தவர் சொன்ன உச்ச அளவைத் தாண்டக் கூடாது, அது தனி விதி. புகையற்ற நவீன மருந்தை இந்தக் குப்பியாலும் அளக்கக் கூடாது, இந்தத் துப்பாக்கியிலும் போடக் கூடாது. குழல் பிளந்துவிடும்.

தராசில் வரும் எண் குப்பியில் எழுதிய எண்ணோடு பொருந்தவில்லை

முதலில் தராசின் அலகைப் பாருங்கள். நகைத் தராசுகளில் கிராம், கிரெயின் இரண்டும் இருக்கும். 50 வர வேண்டிய இடத்தில் 3.24 வந்தால் குப்பியில் குற்றமில்லை, தராசு கிராமில் நிற்கிறது. 1 கிரெயின் என்பது சுமார் 64.8 மில்லிகிராம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். சமையலறைத் தராசு இந்த வேலைக்கு ஆகாது. ஒரு கிராம் முன்பின் காட்டினாலே 15 கிரெயின் போய்விடும்.

அலகு சரி என்றால் அடுத்தது மருந்து. குப்பி அளப்பது கொள்ளளவை, தராசு அளப்பது எடையை. கருமருந்தின் அடர்த்தி தண்ணீரை ஒட்டி இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான். தயாரிப்பு மாறினால் எடை மாறும். மணியின் பருமன் மாறினாலும் மாறும். ஒரே குப்பியில் எஃப்எஃப்ஜி மருந்தும் அதைவிடப் பொடியான எஃப்எஃப்எஃப்ஜி மருந்தும் ஒரே எடை காட்ட வேண்டியதில்லை. பொடி மருந்து வேகமாக எரிந்து அழுத்தத்தையும் கூட்டும். அதனால் பருமனிலிருந்து பொடிக்கு மாறும்போது அளவை சுமார் 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம்.

கருமருந்துக்குப் பதிலாக விற்கும் பைரோடெக்ஸைத் தராசில் போட்டுவிட்டுக் குழம்புபவர்கள் நிறைய. கருமருந்தை விட அதன் எடை குறைவு. அதே கொள்ளளவுக்கு ஈடாகும்படி செய்த மருந்து அது. எனவே குப்பியால்தான் அளக்க வேண்டும். எடை குறைகிறதே என்று கூட்டிப் போட்டால் வினை. அதே வகையில் விற்கும் ட்ரிபிள் செவன் இன்னும் வீரியமானது. கருமருந்தின் வேகமே போதும் என்றால் கொள்ளளவில் 15 சதவீதம் குறைக்க வேண்டும்.

தராசே இல்லையா? மருந்துக்கடையில் ஊசி போடும் ஐந்து மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். தண்ணீரை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினால் 50 கிரெயினுக்கு 3.24 மில்லி, 60க்கு 3.89, 70க்கு 4.54 வரும். அமெரிக்கக் கடைகளில் விற்கும் பித்தளைக் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட இது தாராளமாகப் போதும். சோதித்த பிறகு குப்பியை நன்றாகக் காயவிட வேண்டும். மான்கொம்பும் மூங்கிலும் தண்ணீரைக் குடிக்கும் என்பதால், இந்தச் சோதனை பித்தளைக்கும் உட்புறம் பூச்சு பூசியவற்றுக்கும் மட்டும்.

ஒவ்வொரு தடவையும் வேறு அளவு வருகிறது

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் முட்டிக்கொள்வது இங்கேதான். காரணம் பெரும்பாலும் குப்பியின் வடிவம், இல்லையென்றால் அளப்பவர் கை.

முதலில் வடிவம். வாய் அகலமாக இருந்தால் மேல்மட்டத்தில் ஏற்படும் சிறு பிசகும் பெரிதாகிவிடும். உள்விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்துக்குச் சுமார் 1.2 கிரெயின் மாறும். 16 மில்லிமீட்டர் என்றால் அதே வித்தியாசம் மூன்று கிரெயினைத் தாண்டும். 60 கிரெயின் பிடிக்க, முதல் குழாயில் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும், இரண்டாவதில் 20க்குள் முடிந்துவிடும். ஆகவே குட்டையாகவும் பருமனாகவும் செய்யாதீர்கள். ரொம்ப ஒடுங்கினாலும் தொல்லை: ஊற்றும்போது பாதி வெளியே போகும், மருந்து நடுவில் பாலம் கட்டி அடியில் இடைவெளி விடும். பத்திலிருந்து பதின்மூன்று மில்லிமீட்டர் உள்விட்டம் கைக்கு வசதி.

அப்புறம் கை. நெல் அளக்கும்போது தலைதட்டி அளப்பதற்கும் கும்பாச்சியாக அளப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். இதிலும் அப்படித்தான். சிலர் குவித்து ஊற்றி விரலால் தேய்ப்பார்கள், சிலர் விளிம்பு வரை ஊற்றிக் கண்ணால் மட்டம் பார்ப்பார்கள், சிலர் குப்பியை இரண்டு தட்டுத் தட்டி மறுபடி நிரப்புவார்கள். தட்டினால் மணிகள் நெருங்கி உட்காரும், அளவு கூடும். மூன்று முறையில் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையே செய்யுங்கள். நான் சொல்வது: குவித்து ஊற்றுங்கள், பக்கவாட்டில் மூன்று முறை லேசாகத் தட்டுங்கள், தட்டையான மரச்சீவலால் ஒரே வழியில் தலைதட்டுங்கள். விரல் வேண்டாம். விரலின் சதை உள்ளே அமுங்கிக் கொஞ்சம் மருந்தைக் கிள்ளிவிடும், ஈரமும் பிடிக்கும்.

பழகும்போது மருந்து தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்து ரவையை வைத்துப் பழகலாம். பத்து முறை அளந்து தனித்தனியாக எடை போடுங்கள். மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்தால் கை படிகிறது என்று அர்த்தம். ரவையின் எடை மருந்தின் எடை ஆகாது. அதை வைத்துக் குப்பியில் எண் செதுக்கிவிடாதீர்கள். செதுக்குவதற்கு உண்மையான மருந்தைப் பத்து முறை அளந்து, மொத்தமாக எடை போட்டு, பத்தால் வகுங்கள்.

ஒன்றிரண்டு கிரெயின் ஏறி இறங்குவதை எண்ணித் தூக்கம் கெட வேண்டாம். உருண்டைக் குண்டும் அதைச் சுற்றும் துணிப்பட்டையும் வைத்துச் சுடும் 50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) துப்பாக்கிக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

தோட்டா உறையில் செய்தேன், எண்ணுக்கு ஏற்ற அளவு பிடிக்கவில்லை

பழைய அமெரிக்கத் தோட்டாக்களின் பெயரில் இரண்டாவது எண் கருமருந்தின் கிரெயின் அளவு என்பது பலருக்கும் தெரியும். 45-70 என்றால் 70, 44-40 என்றால் 40, 50-70 என்றாலும் 70. அதை நம்பி உறையை விளிம்புவரை நிரப்பி, "இது 70" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒத்துவர எந்தக் கட்டாயமும் இல்லை. தோட்டாவில் உறையின் வாய்ப்பகுதியைக் குண்டு அடைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே மருந்து அமுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தக் காலத்து உறைகளின் அடிப்பாகம் மெல்லியது, இன்றையது தடித்தது. இத்தனையும் சேர்ந்தால் வெறும் உறை எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பெயர் சொல்லாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி, எல்லாப் பெயரும் அந்த வழக்கப்படி வந்தவை அல்ல. 30-30இல் இரண்டாவது 30 புகையற்ற மருந்தின் அளவு. உறையோ விளிம்புவரை நிரப்பினால் கருமருந்து அதைவிட நன்றாகவே கூடுதலாகப் பிடிக்கும். 30-06இல் உள்ள 06 மருந்தளவே அல்ல, 1906ஆம் ஆண்டு. பெயரைப் பார்த்து "ஆறு கிரெயின்" என்று யாரும் எண்ண மாட்டார்கள்தான், ஆனால் 30-30இல் ஏமாந்தவர்கள் உண்டு.

கழுத்து ஒடுங்கிய உறை என்றால் மருந்து தோளில் தேங்கி முழுவதும் வெளியே வராது. கழுத்தையும் தோளையும் அறுத்து எறிந்துவிட்டு நேரான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அளவு கூடுதல் என்றால் வாயை அரம் போட்டுக் குறைத்துக்கொண்டே வரலாம், உறையில் இது ஒரு வசதி. குறைவு என்றால் வேறு உறை தேடுங்கள், ஒட்டுப்போட்டு உயர்த்துவது வீண்வேலை.

அடியில் இருக்கும் பற்றுமூடி (ஊசி தட்டினால் தீப்பொறி கொடுக்கும் சிறு மூடி) சுடப்பட்டதுதானா, ஊசி பதிந்த குழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். சுடப்பட்ட மூடியை அப்படியே விட்டுவிடுவது நல்லது, அதுதான் அடி ஓட்டையை அடைக்கும். யாராவது தட்டி எடுத்திருந்தால் அந்த ஓட்டை வழியாக மருந்து மெல்லக் கசியும். அளவு தடவைக்குத் தடவை குறைவதற்கு இதுவும் காரணம். எபாக்ஸி பசையால் அடைத்துவிடலாம். கைப்பிடிக்குச் செப்புக் கம்பியை ஈயப்பற்று வைப்பதாக இருந்தால், அதற்கு முன் உறையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பற்றவைக்கிற அறையில் மருந்து டப்பா இருக்கவே கூடாது. அறுப்பது, துளைப்பது, அரம் போடுவது எல்லாவற்றுக்கும் இதே விதி.

துளை ஆழமாகிவிட்டது, அல்லது பத்தவில்லை

ஆழமாகிவிட்டால் வாயை அறுத்துக் குறையுங்கள். 12 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய 1.75 கிரெயின் குறையும், கணக்கு போட்டுக் கோடு கிழித்துக்கொள்ளலாம். பத்தவில்லை என்றால் இன்னும் துளைக்க வேண்டியதுதான். மான்கொம்பில் வளைவு இருந்தால் துளைக்கும் ஆணி சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வரும், வெளியிலிருந்து விளக்கு அடித்துச் சுவரின் தடிப்பைப் பார்த்துக்கொண்டே போங்கள். கொம்புத் தூள் மூக்குக்கு ஆகாது, நாற்றமும் தாங்காது. முகமூடி போட்டு வெளியில் உட்கார்ந்து செய்யுங்கள்.

ஊற்றிய பிறகும் உள்ளே மருந்து ஒட்டியிருக்கிறது

பித்தளையில் என்றால் பெரும்பாலும் எண்ணெய்தான். துப்பாக்கி துடைத்த கையோடு குப்பியையும் தொட்டிருப்பீர்கள். சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்தால் சரி. உள்ளே பச்சை பூத்திருந்தால், மருந்தை உள்ளேயே விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். மருந்தில் இருக்கும் கந்தகம் பித்தளையைக் கறுக்கவைக்கும், மருந்து ஈரத்தையும் இழுக்கும். தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், குப்பியைச் சேமிப்பு டப்பாவாகப் பயன்படுத்தாதீர்கள்.

மான்கொம்பில் காரணம் வேறு. கொம்பின் நடுத்தண்டு கடற்பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். துளை அதற்குள் இறங்கினால் மணிகள் அந்தக் கண்களில் மாட்டிக்கொள்ளும். மெல்லிய உடனடிப் பசையை ஊற்றிச் சுழற்றி, காய்ந்ததும் மணல்காகிதத்தைக் குச்சியில் சுற்றி வழவழப்பாக்குங்கள். வேண்டுமானால் இன்னொரு பூச்சு. மெழுகு பூசச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. வெயிலில் இளகி மருந்தையே பிடித்துக்கொள்ளும். பூச்சுக்குப் பிறகு கொள்ளளவு குறைந்திருக்கும், மறுபடி அளந்து பாருங்கள்.

கோடையில் ஒரு அளவு, குளிர்காலத்தில் ஒரு அளவு

மரமும் மூங்கிலும் காற்றின் ஈரத்துக்கு ஊதி, காய்ந்தால் சுருங்கும். வெடிப்பும் விடும். நன்றாக உலர்ந்த பொருளை எடுத்து, உள்ளும் புறமும் பூச்சு பூசினால் பெரும்பகுதி அடங்கிவிடும். வெடிப்பு விட்ட குப்பியை ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள். ஆனால் குப்பியைக் குற்றம் சொல்லும் முன் மருந்தையும் பாருங்கள். டப்பா திறந்தே கிடந்தால் மருந்து ஈரம் பிடித்துக் கட்டிதட்டும். கட்டி எந்தக் குப்பியிலும் ஒழுங்காக உட்காராது.

குழல் வாயில் ஊற்றும்போது சிந்துகிறது

50 காலிபர் குழலின் வாய் 12.7 மில்லிமீட்டர், 45 என்றால் 11.4, அணில் வேட்டைக்கான 32 என்றால் எட்டுதான். குப்பியின் வாய் அதைவிடப் பெரிது என்றால் சிந்தத்தான் செய்யும். விளிம்பின் வெளிப்பக்கத்தை மெல்லிதாகச் சரித்துவிடுங்கள், ஒரு பக்கத்தில் மூக்குபோல் சின்ன வாய்க்கால் எடுங்கள். உள்பக்கத்தைச் சரித்தால் தலைதட்டும் மட்டம் கெட்டுவிடும். 32, 36 காலிபர்களுக்குப் பேசாமல் ஒரு குட்டிப் பித்தளைப் புனல் வைத்துக்கொள்ளலாம்.

ஏற்றி இறக்கும் குப்பியில் தண்டு நழுவுகிறது

குழாய்க்குள் தண்டை ஏற்றி இறக்கி அளவு மாற்றுகிற மாதிரி செய்திருந்தால், பூட்டும் திருகு தண்டின் உருண்டை முதுகில் வழுக்குவதுதான் வழக்கமான நோய். திருகு அமரும் பக்கத்தைத் தட்டையாக அராவிவிடுங்கள். தண்டுக்கும் குழாய்க்கும் நடுவில் மணிகள் புகுந்து கரகரவென்று நறுக்கினால், தண்டின் தலையில் தோல் வளையம் ஒன்று போடுங்கள். மருந்து நசுங்குகிற எந்த அமைப்பும் எனக்குப் பிடிக்காது. ஒரு துப்பாக்கி, ஒரு அளவு என்று முடிவானபின் ஏற்றி இறக்கும் குப்பியே வேண்டாம். நிலையான குப்பி ஒன்று செய்து, எந்தத் துப்பாக்கிக்கு, எந்த மருந்துக்கு என்று வெளியில் செதுக்கிவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு குப்பிகள் ஒரே பையில் கிடந்தால் என்றாவது ஒரு நாள் மாறிப்போகும். இருட்டிலும் விரலுக்குத் தெரியும்படி ஒன்றில் வெட்டுக்கோடு போடுங்கள்.

அளவு மாறவில்லை, ஆனாலும் குண்டு மேலும் கீழும் சிதறுகிறது

அப்படியானால் குப்பியை விட்டுவிடுங்கள். பத்து முறை அளந்து ஒத்து வந்த குப்பி நிரபராதி. வெடிக்கு வெடி குழலைத் துடைக்கிறீர்களா, கரி ஏறிக்கொண்டே போகிறதா? துணிப்பட்டையின் தடிப்பும் அதில் தடவும் கொழுப்பும் ஒரே மாதிரியா? கம்பியால் அழுத்தும் அழுத்தம் ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை ஓங்கி என்று இருக்கிறதா? இந்த மூன்றும் சேர்ந்து செய்கிற கூத்தில் இரண்டு கிரெயின் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

மருந்து போட்டேனா இல்லையா, நினைவில்லை

பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் நடப்பது இது. கெட்டிக்கும் கம்பியில் முன்கூட்டியே இரண்டு கோடு போட்டு வையுங்கள்: குழல் காலியாக இருக்கும்போது வாய் மட்டத்தில் ஒன்று, வழக்கமான மருந்தும் குண்டும் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று. சந்தேகம் வந்தால், முதலில் துப்பாக்கியில் மாட்டிய பற்றுமூடியை எடுங்கள், சக்கிமுக்கித் துப்பாக்கி என்றால் கிண்ணத்தில் இருக்கும் மருந்தைத் துடைத்துவிடுங்கள், முகத்தையும் உடம்பையும் குழல் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல் கம்பியை இறக்கிப் பாருங்கள்.

இரண்டாம் கோடு வாய்க்கு மேலே நின்றால், இரண்டு தடவை மருந்து விழுந்திருக்கிறது அல்லது குண்டு அடிவரை போகவில்லை. எதுவானாலும் சுடாதீர்கள். குண்டு பாதியில் நின்றிருந்தால் அது மருந்தின் மேல் உட்காரும்வரை அழுத்திப் பார்க்கலாம். அப்படியும் கோடு மேலேயே இருந்தால் கரியமிலவாயு அழுத்தத்தால் குண்டை வெளியே தள்ளும் கருவி கடையில் கிடைக்கும், மைதானத்தில் மூத்தவர் யாரிடமாவது நிச்சயம் இருக்கும். கோடு குழலுக்குள் மறைந்து, கம்பி முதல் கோட்டின் பக்கம் வந்தால், மருந்தே போடாமல் குண்டை இறக்கிவிட்டீர்கள். அதற்கும் அதே கருவிதான். இல்லையென்றால் கம்பியின் நுனியில் மாட்டும் திருகாணியால் குண்டைக் கவ்வி இழுக்கலாம், ஆனால் உள்ளே மருந்து இல்லை என்பது கம்பியின் கோட்டால் உறுதியான பிறகுதான்.